மூன்றாவது தேதி: குழந்தைகள் பாதுகாப்புக் கணக்குகளில் விடுபடுவது

குழந்தைகள் பாதுகாப்புக்கென அரசு செலவிடும் ஒவ்வொரு தொகைக்கும் பதிவேட்டில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, செலவுக்கு ஒப்புதல் கிடைத்த நாள். மற்றொன்று, பணம் வழங்கிய நாள். தணிக்கைக்கு வருபவர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்புதலுக்கு முன்பே செலவு நடந்திருந்தால் கேள்வி எழுப்புவார்கள். மூன்றாவதாகவும் ஒரு தேதி இருக்கிறது: அந்தப் பணம் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட நாள். அதற்கென்று ஒரு நிரல் வரைந்த பதிவேட்டை நான் போய்வந்த எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. குழந்தைகள் பாதுகாப்பில் கணக்கு வேலை எப்படி நடக்கிறது, யார் செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கப் போனால் எல்லாக் கேள்விகளும் கடைசியில் இந்த இல்லாத நிரலில் வந்து நிற்கின்றன.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதற்கு அருகில் ஏதேனும் பழைய கட்டடத்திலோ 'மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு' என்ற பலகை தொங்கும். ஒன்றிய அரசு 2009இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தால் மாவட்டந்தோறும் வந்த அலுவலகம் இது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இதற்குச் சட்ட அடிப்படை. திட்டம் இப்போது 'மிஷன் வாத்சல்யா' என்ற பெயரில் நடக்கிறது. அதன் வழிகாட்டு நெறிமுறைகள் 2022 ஜூலையில் வந்தன. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. அலுவலகத்துக்குள் போனால் பாதுகாப்பு அலுவலர்கள், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பலர். கணக்காளர் ஒரே ஒருவர். ஒப்பந்த வேலை. வாத்சல்யா நிதி வரையறைப்படி மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய்.

அந்த ஒரு மேசையைக் கடந்துதான் எல்லாமே போக வேண்டும். நிதி ஆதரவு பெறும் பிள்ளைகளின் மாதத் தொகை, தொண்டு நிறுவன இல்லங்களுக்கான மானியம், குழந்தை நலக் குழு உறுப்பினர்களின் அமர்வுப் படி, மீட்கப்பட்ட பிள்ளையை வேறு மாநிலத்திலுள்ள வீட்டுக்குக் கூட்டிப்போகும் செலவு, வாடகை வண்டி, தொலைபேசி, அலுவலகத்தில் எல்லாருடைய சம்பளம், அதிலுள்ள பிடித்தம். இவற்றுக்கு ஒரு கேஷ்புக், வவுச்சர் கோப்புகள், முன்பணப் பதிவேடு, மானியப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, மாதக் கடைசியில் வங்கியோடு ஒத்துப்பார்க்கும் பட்டியல். தவணை தாமதமானால் முதலில் நிற்பது கணக்காளரின் சொந்தச் சம்பளமும்தான். அவர் மற்றவர்களுக்குப் பட்டியல் போட்டபடி தன் வாடகைக்குக் கடன் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்குப் பக்கத்தில் வேறொரு கணக்கு உலகம் இருக்கிறது. 'குழந்தைகள் சட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது இங்கேதான், 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம். அந்தப் பழைய மரபில் வந்த அரசு இல்லங்கள், கூர்நோக்கு இல்லங்கள், சிறப்பு இல்லங்கள் எல்லாம் கருவூலம் வழியாகப் பணம் பெறுகின்றன. அங்கே கண்காணிப்பாளரே பணம் பெற்று வழங்கும் அலுவலர். பில் போட்டு, டோக்கன் வாங்கி, கருவூலம் பாஸ் செய்து, கடைக்காரர் கணக்கில் ஏறும். பாதுகாப்பு அலகுகளின் பணமோ மாநிலக் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக வருகிறது. ஒரே பிள்ளை ஆறு மாதத்தில் இரண்டு உலகங்களுக்குள்ளும் போய்வரக்கூடும். கணக்குகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

சமையற்கட்டுப் பதிவேடு

கருவூல உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இல்லங்களின் உணவுப் பதிவேடு. காலையில் எண்ணிக்கை எடுப்பார்கள்: நேற்று இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், வீட்டுக்கோ வேறு இல்லத்துக்கோ போனவர்கள், இன்றைய இருப்பு. அந்த எண்ணைக் கொண்டு அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெய் அளந்து தரப்படும். அளவு விதிகளிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 கிராம் தானியம்; 16 வயதைத் தாண்டியவர்களுக்கு 700. பருப்பு 120 கிராம், எண்ணெய் 25 கிராம், பால் 150 மில்லி. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் இல்லமென்றால் தானியம் 30 கிலோ, பருப்பு 6 கிலோ, எண்ணெய் ஒன்றேகால் கிலோ, பால் ஏழரை லிட்டர். மஞ்சள்தூளுக்கும் புளிக்கும்கூட கிராம் கணக்கு உண்டு.

இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எண்ணிக்கை 47. அதற்குத்தான் அரிசி அளந்தாயிற்று. பையன் பசியோடு வந்திருக்கிறான். சமையல்காரர் மிச்சமிருந்த சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுக்கிறார், அல்லது மறுநாளுக்கு வைத்த ரவையைக் கிண்டுகிறார். மறுநாள் காலை எண்ணிக்கை 48 ஆகிவிடும். அந்த ஒரு வேளைச் சாப்பாடு எந்தப் பக்கத்திலும் ஏறாது. அதேபோல் நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ போன பிள்ளை எண்ணிக்கையில் இருக்கும், பந்தியில் இருக்காது. நேர்மையான கண்காணிப்பாளர் இதையெல்லாம் சிவப்பு மையில் ஓரத்தில் குறித்து வைப்பார். ஆண்டு முழுவதும் ஒரு கிராம் பிசகாமல், ஓரக்குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் பொருந்தி வருகிற பதிவேட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நாட்கள் அப்படிப் பொருந்துவதில்லை.

தொண்டு நிறுவன இல்லங்களின் கணக்கு இன்னும் நெருக்கடியானது. பராமரிப்புத் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். 2014இல் 2,000 ஆக இருந்தது. நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு, துணி, சோப்பு, படுக்கை எல்லாம் அதற்குள். பணம் வரும்வரை இல்லத்தை நடத்துவது மளிகைக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம். மூன்று நான்கு மாதம் பாக்கி நின்றால் கடைக்காரர் முதலில் குறைப்பது பொருளின் தரத்தை. அரிசி மாறும், பருப்பில் கல் வரும். வவுச்சரில் அதே விலை, அதே எடை. தாமதத்தின் விலை பிள்ளையின் தட்டில் விழுகிறது, எந்தத் தணிக்கையாளருக்கும் அது தெரியப்போவதில்லை.

பணம் வரும் பாதை

முன்பெல்லாம் ஒன்றிய அரசின் திட்டப் பணம் பல வங்கிக் கணக்குகளில் தூங்கிக் கிடந்தது. மாவட்டத்துக்கொரு கணக்கு, சில இடங்களில் திட்டத்துக்கு இரண்டு மூன்று. செலவழிக்காத பணம் வட்டி ஈட்டிக்கொண்டிருக்க, வேறு மாவட்டம் பணமில்லாமல் நிற்கும். இதை ஒழுங்குபடுத்த ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 மார்ச்சில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே முதன்மை முகமை, ஒரே வங்கிக் கணக்கு. மாவட்டங்களுக்கு இருப்பு இல்லாத துணைக் கணக்குகள். வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். எல்லாப் பரிமாற்றமும் பி.எஃப்.எம்.எஸ். என்னும் பொது நிதி மேலாண்மைத் தளத்தில் பதிவாகும். ஈட்டிய வட்டி ஒன்றிய, மாநில அரசுகளின் தொகுப்பு நிதிக்கே திரும்பிவிடும். நல்ல சீர்திருத்தம்தான். எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று டெல்லியிலிருந்தே பார்க்க முடிகிறது. அதன் அடுத்த கட்டமாக வந்த 'ஸ்பர்ஷ்' முறையில் பணம் வங்கியில் காத்திருப்பதே இல்லை. பில் வரும்போது ரிசர்வ் வங்கியிலிருந்து நேரே போகிறது.

ஆனால் 2021இல் வந்த அந்த ஒரே கணக்கு முறையின் உள்ளே இரண்டு விதிகள் இருக்கின்றன. முதலாவது: ஆண்டுக்குரிய தொகையில் ஒரு தடவைக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் விடுவிக்கக் கூடாது, முன்பு தந்ததில் 75 விழுக்காடாவது செலவாகியிருந்தால்தான் அடுத்தது. இந்த 75 மாநிலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். சிலவற்றில் கணக்காளர் பணியிடம் காலியாக இருந்து, செலவு நடந்தும் தளத்தில் பதிவேறாமல் கிடந்தால், மாநிலத்தின் மொத்த விழுக்காடு கீழே இறங்கும். ஒழுங்காகப் பதிந்த மாவட்டத்துப் பிள்ளையும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மாவட்டத்தில் நிரப்பப்படாத நாற்காலிக்காக இன்னொரு மாவட்டத்தில் ஒரு வீட்டில் உலை தாமதமாக ஏறுகிறது.

இரண்டாவது விதியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்றிய அரசு தந்த பங்கை மாநில அரசு 30 நாளுக்குள் திட்டக் கணக்குக்கு மாற்றாவிட்டால், 2023 ஏப்ரல் முதல், தாமதமான நாட்களுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கட்ட வேண்டும். ஆக, தாமதத்துக்கு விலை உண்டென்பதை அரசு நிதித்துறை அறிந்தே இருக்கிறது. நாள் கணக்கில் அளக்கவும் அதற்குத் தெரியும். ஓர் அரசு இன்னோர் அரசுக்குத் தர வேண்டியதில் மட்டும் அதை அளக்கிறது. பிள்ளைக்குத் தர வேண்டியதில் அளப்பதில்லை.

நிதியாண்டின் முதல் மாதங்கள் எப்போதும் வறட்சி. மார்ச் 31இல் கணக்கு மூடி, பயன்பாட்டுச் சான்றிதழ் தயாராகி, புது ஆண்டின் ஒப்புதல் வந்து சேர்வதற்குள் ஏப்ரல், மே, ஜூன் ஓடிவிடும். பிள்ளைகளின் ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. பள்ளிச் சேர்க்கை, விடுதிக் கட்டணம், காலணி, பஸ் பாஸ் வரும்வரையான பயணக் காசு. அரசின் பணப்பை மிக மெலிந்திருக்கும் மாதமும் பிள்ளைக்குக் கை மிகவும் தேவைப்படும் மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. இது யாருடைய தவறும் இல்லை என்று சொல்லி விட்டுவிடலாம். ஆண்டுதோறும் அதே மாதத்தில் நடப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதது தவறுதான் என்பது என் எண்ணம்.

"இந்த மாசமும் ஏறலை"

நிதி ஆதரவுத் திட்டம்தான் இன்று பாதுகாப்பு அலகுகளின் உயிர்நாடி. தந்தையை இழந்த, பெற்றோரில் ஒருவர் கொடிய நோயில் படுத்த, அல்லது உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் குடும்பத்திலேயே இருக்க மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். 18 வயதில் நின்றுவிடும்.

மேற்கு மாவட்டம் ஒன்றின் அலுவலகத்தில் ஒரு முழுநாள் கணக்காளரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் முதலில் எடுத்தது 'ரிட்டர்ன்' பட்டியல்: அனுப்பியும் ஏறாமல் திரும்பிய தொகைகள். அவற்றில் ஒரு பெயருக்குரிய பாட்டி பத்தரை மணிக்கே வந்து நின்றார். பேரனுக்கு அப்போது வயது பதினாறு. மஞ்சள் துணிப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டி, "அம்மணி, இந்த மாசமும் ஏறலையே" என்றார். "உட்காருங்க பாட்டி, பார்க்கலாம்" என்று வாங்கிப் புரட்டினார் கணக்காளர். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் இருந்தது இப்போது இல்லாத ஒரு வங்கியின் பெயர்.

2019, 2020ஆம் ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைந்தன. விஜயா வங்கி பரோடா வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. நகரத்தில் செல்பேசியில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது அரைநாள் தொந்தரவு. பழைய பாஸ்புக்கின் நகலைக் கொடுத்து விண்ணப்பித்த பாட்டிக்கு இரண்டு மாதத் தொகை. அதோடு, பயன்படுத்தாமல் இரண்டு ஆண்டு கிடந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். ஆதார் இணைப்பு வேறு கணக்குக்குப் போயிருக்கும். பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதுதான்.

கணக்காளர் தாமே வங்கிக் கிளைக்குப் போன் போட்டுப் புதுக் குறியீட்டை வாங்கினார். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, "இதை மேனேஜர்கிட்ட காட்டி புது பாஸ்புக் வாங்கிடுங்க பாட்டி, நகல் எடுத்து நம்ம புறத்தொடர்புப் பணியாளர்கிட்ட குடுத்தாப் போதும், நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம்" என்றார். பாட்டி போன பிறகு கோப்பைப் புரட்டிக் காட்டினார். பேரனுக்காக விண்ணப்பித்தது ஜூன் மாதம். வீட்டு விசாரணை ஆகஸ்டில். வருமானச் சான்று அக்டோபரில். குழு கூடி ஒப்புதல் தந்தது ஜனவரியில். அந்த ஜனவரி முதல்தான் தொகை. ஏறாமல் திரும்பிய இரண்டு மாதம் நிலுவையாகப் பின்னால் வந்துவிடும். பட்டியலில் இருக்கிறது, யாரும் மறக்க முடியாது. ஜூனிலிருந்து டிசம்பர் வரையிலான ஏழு மாதம், 28,000 ரூபாய், எந்தப் பட்டியலிலும் இல்லை. அது நிலுவையாகக்கூட ஆகவில்லை. அந்த ஏழு மாதத்தில் பேரன் சனி ஞாயிறுகளில் ஒரு பவர்லூம் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டு விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

ஏன் எங்கும் ஏறவில்லை என்பதற்குக் கணக்கியல் காரணம் ஒன்று உண்டு. நம் அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையிலானவை. பணம் கைமாறினால்தான் பதிவு. கொடுக்க வேண்டியது எவ்வளவு, அது எந்த நாளிலிருந்து என்பதைக் கணக்கு காட்டாது. உரிமை ஏற்படும்போதே பொறுப்பாகப் பதியும் முறைக்கு மாறலாம் என்று 12ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2002இல் அமைத்த கணக்கியல் தர ஆலோசனை வாரியமும் நெடுங்காலமாக அதைப் பற்றிப் பேசிவருகிறது. சாலைக்கும் பாலத்துக்கும் இது மெதுவாக நடந்தால் பெரிய நட்டமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது முப்பத்தாறு மாதம், 1,44,000 ரூபாய். ஏழு மாதத் தாமதம் என்பது அவனுக்குரியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆண்டிறுதி அறிக்கையில் அது அரசுக்கு மிச்சமான பணமாகத் தெரியும்.

தலைப்பு முடிவு செய்யும் இடம்

கணக்குத் தலைப்பு ஒரு பிள்ளை எங்கே தூங்குகிறது என்பதையே முடிவு செய்துவிடும். இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து பிரித்து வளர்ப்புப் பராமரிப்பில் வைத்த தகுதியுள்ள பிள்ளைகளுக்கான செலவில் ஒரு பங்கை ஒன்றிய அரசு வரம்பில்லாமல் ஈடுசெய்தது. பிரிக்காமல் வீட்டிலேயே வைத்து உதவுவதற்கோ சிறிய, வரம்புள்ள நிதி. ஒரு பிள்ளைக்காக ஈட்டுத்தொகை கோரலாமா என்பதை, அதன் குடும்பம் 1996இல் இருந்த பழைய நலத்திட்ட வருமான அளவுக்குள் வருமா என்று பார்த்தே அங்குள்ள கணக்கு அலுவலர்கள் இன்றும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஊழியர்களிடம் தற்செயலாகத் தேர்ந்த கணங்களில் 'இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்டு, அந்தப் பதில்களைக் கொண்டு செலவைப் பிரிக்கிறார்கள். பிரிவைத் தடுக்கும் சேவைகளுக்கும் அந்தப் பெரிய நிதியைத் திறந்துவிட 2018 வரை ஆயிற்று.

இங்கே நெடுநாள் இல்லங்களுக்கான தலைப்புதான் பழக்கப்பட்ட தலைப்பாக இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று மானியம் வரும்போது, தலைகள் குறைந்தால் மானியம் குறையும். அதனால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய பிள்ளையும் இல்லத்திலேயே தங்கிவிடும். மாமல்லபுரம் பகுதி இல்லங்களைப் பற்றி 2007இல் வந்த ஒரு நாளிதழ்ச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. இல்லத்தில் சேர்ப்பதையே ஒரே வழியாகக் கொள்ளாமல் தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற வழிகளையும் அக்கறையோடு பார்க்கச் சொன்னது அது. மானியத்தைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புவதையும் ஏனோதானோவென்று செலவழிப்பதையும் கண்டித்தது. உச்ச நீதிமன்றம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்த அரிதான இடம் அது. நிதி ஆதரவுத் தொகை 4,000 ஆக உயர்ந்ததும், பின்காப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் அதே அளவு வைத்ததும் சரியான திசையிலான மாற்றங்கள்.

கட்டுப்பாடுகளை எளிதாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இல்லாத பிள்ளைகளின் பெயரில் மானியம் வாங்கிய கதைகளை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள்; வருகைப் பதிவேடும் ஆதாரும் இரட்டைக் கையெழுத்தும் அந்த அனுபவத்தில் வந்தவை. ஆனால் தாளைச் சரிபார்ப்பதற்கும் பிள்ளையைப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை பீகாரின் முசாபர்பூர் காட்டிவிட்டது. அரசு மானியத்தில் நடந்த சிறுமியர் இல்லம் அது. அங்கு நடந்த கொடுமையை 2018இல் வெளிக்கொண்டுவந்தது டாடா சமூக அறிவியல் கழகத்தின் 'கோஷிஷ்' குழு செய்த சமூகத் தணிக்கை. அவர்கள் சிறுமிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். நிதித் தணிக்கையும் சமூகத் தணிக்கையும் தனித்தனி ஆட்களால், தனித்தனி நாட்களில், ஒன்றின் அறிக்கையை மற்றொன்று படிக்காமல் நடக்கும் வரை, ரசீதுகள் சரியாக இருப்பது பிள்ளைகள் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

பதினெட்டு ஆண்டுப் பதிவேடு

சில கணக்குகளுக்கு ஆயுள் நீளம். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தலா 5 லட்சம் வைப்புத்தொகை என்று தமிழ்நாடு அரசு 2021 மே 29 அன்று அறிவித்தது. பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது வட்டியோடு கிடைக்கும். அதே நாளில் ஒன்றிய அரசும் பி.எம். கேர்ஸ் வழியாக 10 லட்சம் அறிவித்தது. அது கைக்கு வருவது 23 வயதில். ஒரே பிள்ளை, இரண்டு வைப்பு, இரண்டு விதி, இரண்டு வயது. 2021இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு மாநில அரசின் தொகை 2039இல் முதிரும். அதுவரை அந்தச் சான்றிதழின் எண், காப்பாளரின் முகவரி, பிள்ளை மாறிய ஊர்கள் எல்லாவற்றையும் யாராவது தொடர்ந்து எழுதிவர வேண்டும். எழுத வேண்டிய இருக்கையில் இருப்பவர் ஒப்பந்தக்காரர். நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார், போகத்தான் வேண்டும். பதிவேட்டை ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்குகிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற அறிவு கையெழுத்தோடு போய்ச் சேர்வதில்லை.

இது வெறும் அச்சமில்லை, முன்னுதாரணம் இருக்கிறது. 1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்திலும் வைப்புத்தொகை 18 வயதில்தான் முதிர்கிறது. முதிர்ந்தும் பெற்றுக்கொள்ளாத பயனாளிகள் அலுவலகத்தை அணுகும்படி மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பு வெளியிடுவதை நாளிதழ்களில் இன்றும் பார்க்கலாம். வீடு மாறியிருப்பார்கள், சான்றிதழ் தொலைந்திருக்கும், அப்படியொரு பணம் இருப்பதே மகளுக்குத் தெரிந்திருக்காது.

நேர்மாறாக, சில கணக்குகளுக்கு ஆயுள் ஒரு வாரம். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கு உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைக்காகக் குழந்தை நலக் குழு பரிந்துரைக்கும் தொகையை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள். நீதிமன்றம் ஆணையிடும் இழப்பீட்டுக்கு 30 நாள். சட்டம் எழுதியவர்கள் நாளைக் குறித்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் பரிந்துரை வந்த நாளும் பணம் போன நாளும் அருகருகே நிற்கும் ஒரு பக்கம் கேஷ்புக்கில் இல்லை. முன்னது குழுவின் கோப்பில், பின்னது கணக்காளரின் வவுச்சரில். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை யாராவது எண்ண விரும்பினால் இரண்டு அறைகளுக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. தளத்தில் ஏற்கெனவே ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு வரி இருக்கிறது. அதில் விண்ணப்பம் பெற்ற தேதி என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். உரிமை பிறந்த நாளிலிருந்து கணக்கில் ஏறிய நாள்வரை எத்தனை நாள் என்பதைப் பயன்பாட்டுச் சான்றிதழோடு இணைத்து அனுப்பச் சொல்லலாம். தணிக்கைக் குழு பத்துப் பிள்ளைகளின் பெயரைத் தேர்ந்து இந்த இடைவெளியைக் கேட்கலாம். மாவட்டத்துக்கு இரண்டாவது கணக்காளர் ஒருவர் வேண்டும், இருவரில் ஒருவராவது நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டும். ஒப்புதல் தாமதமானாலும் தொகை விண்ணப்பித்த மாதத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும். குடும்ப வருமானச் சான்று வருவாய் அலுவலகத்தில் காத்துக்கிடந்ததற்குப் பிள்ளை ஏன் விலை தர வேண்டும்? கடைசியாகச் சொன்ன இரண்டுக்கும் மட்டும் அரசுக்குக் கூடுதல் பணம் தேவை. மற்றவற்றுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

அன்று மாலை கிளம்பும்போது அந்தக் கணக்காளர் மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அலுவலகப் பதிவேடு இல்லை, அவர் சொந்தக் காசில் வாங்கியது. அடுத்த ஓராண்டுக்குள் 18 வயது நிறையப்போகிறவர்களின் பெயர்கள் மாதவாரியாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த தேதி, கடைசியாகத் தொகை ஏறிய தேதி, இன்னும் வர வேண்டிய தவணைகள். அந்த மாதத்துக்குரிய பக்கத்தில் ஆறு பெயர்கள். நான்கில் டிக் போட்டிருந்தது. ஐந்தாவதின் பக்கத்தில் 'மாமா வீட்டுக்குப் போய்விட்டாள், திருப்பூர், போன் எண் கேட்க வேண்டும்' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அலுவலகத்தில் மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவர் அந்த எண்ணுக்காகப் புறத்தொடர்புப் பணியாளரை அழைத்துக்கொண்டிருந்தார்.